‘ஜாக்கெட் கையை இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டேன்’: அக்குள் நெறி எடுத்த பின் வரும் கை வீக்கம்

கும்பகோணம் பக்கத்திலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். 14 மாதத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பையும் அக்குள் நெறிகளையும் எடுத்திருக்கிறார்கள். 17 நெறிகள் எடுத்ததாகவும், அவற்றில் 3-ல் நோய் இருந்ததாகவும் பயாப்ஸி அறிக்கை சொல்கிறது. பிறகு கீமோ, அதன்பின் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை.

“ஆபரேஷன் முடிந்து ட்ரெயின் குழாயை எடுத்ததும் அக்குளில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள், சரியாகிவிட்டது. இப்போது மூன்று மாதமாகக் கை முழுவதும் வீங்குகிறது. வளையல் ஏறவில்லை. இடது ஜாக்கெட் கையை இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டேன். முதலில் காலையில் எழுந்தால் வற்றியிருக்கும். இப்போது முழுசாக வற்றுவதில்லை” என்கிறார்.

அக்கம்பக்கத்தில் யானைக்கால் நோய் கைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். மருந்துக்கடையில் நீர் பிரிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாத்தனார் தினமும் இரவில் வேப்பெண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவிவிடுகிறார். பகலில் கிரேப் பேண்டேஜ். தண்ணீரை ஒரு லிட்டராகக் குறைத்துக்கொண்டார். உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. தையலை நிறுத்தச் சொல்லும் கணவர், கையைக் காற்றால் அழுத்தி நீரை மேலே தள்ளும் பம்ப் மெஷின் வாங்கவும் யோசிக்கிறார். நோய் திரும்பிவிட்டதா, முன்பு போல ஊசியால் எடுக்க முடியாதா, தொழிலை விட வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான். முதலில் காலையில் வற்றிய கை, இப்போது முழுசாக வற்றுவதில்லை என்கிறீர்கள். இந்த வீக்கத்தின் முதல் கட்டத்தில், கையை உயர்த்தி வைத்துப் படுத்தாலே நீர் இறங்கிவிடும். இரண்டாம் கட்டத்தில் அப்படி இறங்காது. தோலுக்கடியில் மெல்ல நாரும் கொழுப்பும் சேரத் தொடங்கும். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். சரியான சிகிச்சைக்குக் கை நன்றாக இறங்கிக்கொடுக்கிற காலம் இது. இன்னும் ஆறு மாதம் எண்ணெயிலும் மாத்திரையிலும் கழிந்தால், இதே பலனுக்கு இரண்டு மடங்கு பாடுபட வேண்டியிருக்கும்.

அன்று தேங்கியது வேறு, இன்று வீங்குவது வேறு

நெறிகளை எடுத்த இடத்தில் தோலுக்குக் கீழே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதில் ஊறும் நீரை வெளியேற்றத்தான் ட்ரெயின் வைக்கிறார்கள். 24 மணி நேரத்தில் வருவது 30 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் பொதுவாகக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகும் கொஞ்சம் ஊறும். தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்பும். சிறிய அளவை உடம்பே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். தோல் விண்ணென்று இழுத்து வலித்தாலோ, தையல் பிரிந்துவிடும் போலிருந்தாலோ, அறுவை மருத்துவர் ஊசியால் எடுப்பார். குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வழி உண்டு என்பதால், தேங்கிய ஒவ்வொரு சொட்டையும் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது.

இப்போதைய வீக்கத்துக்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். சதையில் ஊறி, தனிக் குழாய்கள் வழியாக நெறிகளைக் கடந்து ரத்தத்துக்குத் திரும்பும் நீர்தான் நிணநீர். நீர் ஒரு பையில் இல்லை. பஞ்சில் ஊறிய தண்ணீர் போலத் தசைக்கும் தோலுக்கும் இடையில் கை முழுவதும் பரவியிருக்கிறது. எந்த இடத்தில் குத்தினாலும் சில சொட்டுதான் வரும், வந்த வழியில் கிருமி போகும். யார் சொன்னாலும் இந்தக் கையில் ஊசி போட்டு நீர் எடுக்க இடம் கொடுக்காதீர்கள்.

டெல்டாக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, மிச்சம் வடிகாலில் போகிறது. கையின் வடிகால் அக்குள் வழியாகப் போகிறது. அங்கே 17 நெறிகளை எடுத்தார்கள். மிஞ்சிய பாதையைக் கரண்ட் இறுக்கிவிட்டது. நோயைத் தீர்க்க இரண்டும் தேவைப்பட்டன, அதில் தவறு இல்லை. ஆனால் வாய்க்கால் எப்போதும் போல ஓட, வடிகால் மட்டும் குறுகிவிட்டது. அக்குள் நெறிகளை முழுமையாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள். நீங்கள் ஏதோ தப்பு செய்ததால் வந்ததல்ல.

நீர் பிரிய மாத்திரை ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே புரியும். தேங்கிய நீரில் புரதம் இருக்கிறது. மாத்திரை தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும். புரதம் கையிலேயே தங்கி, மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது களைப்பும் தசைப்பிடிப்பும் பொட்டாசியம் குறைவும்தான். கைக்காக மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்துவதுதான் சரி. ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ எழுதிக் கொடுத்தது என்றால், கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தண்ணீரைக் குறைப்பதிலும் பயன் இல்லை. தாகத்துக்கு வேண்டிய அளவு குடியுங்கள். குறைக்க வேண்டியது அப்பளம், ஊறுகாய், கருவாட்டில் வரும் உப்பு.

யானைக்கால் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ஊர்ப் பக்கம் அந்த நோயைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த இடம். அடைபடுவது அதே நிணநீர்ப் பாதைதான், ஆனால் அங்கே அடைப்பது புழு. புழுவுக்கான மாத்திரைக்கு உங்கள் கையில் வேலை இல்லை. ஆனால் யானைக்கால் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் ஒரு பழக்கம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்து, தோல் வெடிக்காமல் இருக்க வாசனையில்லாத கிரீம் தடவுங்கள்.

நோய் திரும்பிவிட்டதா?

வலியில்லாமல் மூன்று மாதமாக மெல்ல ஏறிவந்த வீக்கம் பெரும்பாலும் நிணநீர் வீக்கம்தான். ஆனால் தபாலில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. உங்கள் புற்றுநோய் மருத்துவர் அக்குளையும், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியையும், தையல் தழும்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனும் வேண்டும், குறிப்பாகக் கீமோ மருந்து ஏற்றத் தோள் பக்கம் தோலுக்கடியில் போர்ட் என்ற கருவி வைத்திருந்தால். ஓரிரு நாளில் சட்டென்று பெருத்தாலோ, கை நீலம் பாய்ந்தாலோ, தோளிலிருந்து விரல் வரை கடுமையாக வலித்தாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ, புதிதாக முடிச்சு தட்டுப்பட்டாலோ காத்திருக்காமல் போய்விடுங்கள். இந்தப் பரிசோதனை முடிவதற்கு முன் கட்டும் வேண்டாம், பம்பும் வேண்டாம்.

அளவெடுங்கள், உங்கள் டேப்பாலேயே

வீங்கியிருக்கிறது என்று கண்ணால் சொல்வதை வைத்துச் சிகிச்சை நடத்த முடியாது. அளவெடுப்பது உங்கள் கைவந்த தொழில். டேப்பின் செ.மீ. பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பிலிருந்து மேலே 10, 20, 30, 40 செ.மீ. தூரங்களில் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்த இடங்களிலும், மணிக்கட்டிலும், கட்டை விரலை விட்டு உள்ளங்கையிலும் சுற்றளவு எடுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கைக்கும் எடுத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில்.

ஏதாவது ஓர் இடத்தில் வித்தியாசம் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை நிணநீர் வீக்கம் என்று கணக்கில் கொள்வது வழக்கம். நீங்கள் வலதுகைக்காரர் என்றால் இடது கை இயல்பாகவே சற்று மெலிந்திருந்திருக்கும். ஆக டேப் காட்டும் வித்தியாசத்தைவிட உண்மையான வீக்கம் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சோதனை: ஆள்காட்டி விரல் அடியில் புறங்கைப் பக்கத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். வலது கையில் எழும் மடிப்பு இடது கையில் எழவில்லை என்றால், அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீக்கத்தை இறக்கும் முறை

இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் “நிணநீர் வீக்கத்துக்குக் கட்டுப் போடப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா” என்றே கேளுங்கள். முதல் 2 முதல் 4 வாரம் அநேகமாகத் தினமும் போக வேண்டியிருக்கும். அதற்குள் நீங்களோ வீட்டில் ஒருவரோ கற்றுக்கொண்டு விடலாம். தோல் பராமரிப்பு, மென்மையான தடவல், பல அடுக்குக் கட்டு, கட்டோடு செய்யும் பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் சிகிச்சை. கட்டை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்தால் இறங்கிய நீர் மறுநாளே ஏறிவிடும்.

நாத்தனாரின் அக்கறை பெரிது, ஆனால் அந்த உருவுதலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழே, மிக மெல்லியதாக ஓடுகின்றன. அழுத்தி உருவினால் அவை நசுங்கும். சூடு பட்டால் கைக்கு ரத்த ஓட்டம் கூடி, ஊறும் நீரும் கூடும். நெறி எடுத்தவர்களில் பலருக்கு மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும். அங்கே எண்ணெய் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

அவருடைய கைகளுக்கு வேறு வேலை தரலாம். இந்தத் தடவலுக்கு எண்ணெய் தேவையில்லை, வழுக்கினால் தோல் நகராது. பச்சைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அழுத்தம் போதும். வரிசை முக்கியம். வடிகால் தூர்வாரும்போது கீழ்க்கோடியில் தொடங்குவார்கள் அல்லவா, அதுபோல முதலில் நீர் போய்ச் சேரும் இடங்கள்: இரு பக்கக் காறை எலும்புக் குழிகள், வலது அக்குள், இடது தொடை இடுக்கு. பிறகு மார்பின் குறுக்கே இடமிருந்து வலமாக, இடது விலாவிலிருந்து கீழ்நோக்கி. அதற்குப் பிறகுதான் கை. அதிலும் முதலில் தோளுக்குப் பக்கத்தில், அப்புறம் முழங்கைப் பகுதி, கடைசியில் புறங்கையும் விரல்களும். கையில் எங்கே தடவினாலும் திசை தோளை நோக்கியே. தொடங்குமுன் வயிறு எழும்பி இறங்குமாறு ஐந்து முறை ஆழ்ந்து மூச்சு விடுங்கள். மொத்தம் 15, 20 நிமிடம். கரண்ட் வைத்த தோல் புண்ணாகவோ சிவந்தோ இருந்தால் அந்த இடத்தைத் தொட வேண்டாம். தைராய்டு தொல்லையோ கழுத்து ரத்தக்குழாய் அடைப்போ இருந்தால் கழுத்தில் தடவும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டு விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நீங்கள் போடும் கிரேப் பேண்டேஜ் நன்றாக இழுபடும் வகை. கையை அசைக்கும்போது அது விட்டுக்கொடுக்கும், சும்மா இருக்கும்போது இறுக்கும். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. குறைவாக இழுபடும் பேண்டேஜ் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. ஓய்வில் அது மெல்லப் பிடிக்கும். தசை இயங்கும்போது சுவர் போல நின்று, தசைக்கும் கட்டுக்கும் நடுவே நீரைப் பிழிந்து மேலே தள்ளும்.

முதலில் கிரீம், பிறகு பருத்தி உள்ளுறை. ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய காஸ் துணி, விரல் நுனி தெரியும்படி. அதன்மேல் பஞ்சு அல்லது ஃபோம். முழங்கை மடிப்பிலும் உள்ளங்கையிலும் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பில் அறுக்கும். அதன்மேல்தான் பேண்டேஜ்: உள்ளங்கையில் 6 செ.மீ. அகலம், முன்கையில் 8, அக்குள் வரை 10. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். விரல்களை விரித்து, முழங்கையைச் சற்று மடக்கி வைத்துக் கட்ட வேண்டும். அழுத்தம் கை நுனியில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதை இழுத்துக் கட்டுவதால் அல்ல, அடுக்குகளின் எண்ணிக்கையால் கொண்டுவர வேண்டும். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்திவிடுங்கள். இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ நீலமானாலோ வலித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். குளிக்கும் நேரம் தவிர, இரவிலும் கட்டு இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இது எளிதல்ல. இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்தால்தான் சமாளிக்க முடியும். துவைத்ததை முறுக்கிப் பிழியாமல் நிழலில் பரப்பிக் காயவையுங்கள்.

அதன்பிறகு அழுத்த உறை

டேப்பில் அளவு இறங்கி, ஒரு வாரம் போல அங்கேயே நின்றுவிட்டால் உறைக்கு, அதாவது கையில் மாட்டும் இறுக்கமான மீள் துணி உறைக்கு மாறலாம். வீங்கிய கைக்கு இன்றைக்கே உறை வாங்கிவிடாதீர்கள். உறை இருக்கும் அளவைப் பிடித்து வைக்கும், இறக்கித் தராது. பெட்டியில் 20-30 எம்.எம். எச்.ஜி. என்று அச்சிட்டிருக்கும் அழுத்தம் உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகத் தருவது. எது சரி என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும். புறங்கையும் வீங்கியிருந்தால் கையுறையும் சேர்த்து வேண்டும், இல்லாவிட்டால் உறை தள்ளும் நீர் புறங்கையில் போய்த் தேங்கும். மேல் விளிம்பு சுருண்டு கீழே இறங்கினால் அதுவே கயிறு போட்ட மாதிரி ஆகிவிடும். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்றுங்கள். தினமும் துவைத்துப் போட்டால் சுமார் ஆறு மாதம் பிடிப்பு இருக்கும். பிறகு புதிது வேண்டும்.

தையலை விட வேண்டாம்

கையைத் தொட்டிலில் போட்டு வைத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். நிணநீரைத் தள்ளுவது தசையின் இயக்கம். எடை தூக்கினால் வீக்கம் வரும் என்று முன்பு எல்லோரும் பயந்தார்கள். இந்த வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், மெல்ல மெல்ல எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவது குறைந்தே இருந்தது. கட்டு அல்லது உறையோடு, கை மூடித் திறப்பது, முழங்கை மடக்குவது, தோளைச் சுழற்றுவது, சுவரில் விரலால் ஏறுவது என ஒவ்வொன்றும் 10 முறை, தினமும் இரண்டு வேளை செய்யுங்கள். சில வாரம் கழித்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கத் தொடங்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் டேப் அளவு கூடியிருந்தால் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள்.

மெஷினில் 30, 40 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கையை உயர்த்தி மூடித் திறங்கள். நனைந்த துணி மூட்டையை இடது தோளில் மாட்டாதீர்கள். உங்கள் தொழிலில் எனக்கு உண்மையான கவலை இரண்டு: துணியைப் பிடிக்கும் இடது விரலில் ஊசி ஏறுவது, இஸ்திரிப் பெட்டி மரத்த தோலில் படுவது. கைத்தையலுக்கு விரலில் கவசம் மாட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியை வலது கையால் மட்டும் தொடுங்கள்.

உங்கள் உயரத்துக்கு 74 கிலோ அதிகம்; உடல் நிறை எண் 32 வருகிறது. எடை கூடினால் வீக்கமும் கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மெல்ல ஐந்தாறு கிலோ குறைத்தாலே கை லேசாகும்.

கை சிவந்தால் அன்றே மருத்துவர்

நிணநீர் தேங்கிய கையில் சிறு கீறல், மீன் முள், கொசுக்கடிச் சொறி, நகச்சுத்தி எதுவும் சில மணி நேரத்தில் பரவலாம். கை சிவந்து, சூடாகி, குளிர்க் காய்ச்சல் வந்தால் கட்டையும் தடவலையும் நிறுத்திவிட்டு அன்றே போங்கள். ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொற்றும் மிஞ்சிய வடிகாலையும் கெடுத்துவிட்டுப் போகும். சிறு காயத்தைச் சோப்பால் கழுவி, ஆன்டிசெப்டிக் தடவி, இரண்டு நாள் கண்காணியுங்கள். ரத்தம் எடுப்பதற்கும் பிரஷர் பார்ப்பதற்கும் முடிந்தவரை வலது கையைக் கொடுங்கள். அவசரத்தில் இடது கையில் ஒரு முறை பார்த்துவிட்டார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பம்ப் மெஷின், ஆபரேஷன்

பம்ப் ஒரு துணைக் கருவி. தண்ணீரை மேலே தள்ளும், புரதத்தை அவ்வளவாக நகர்த்தாது. கட்டில்லாமல் அதை மட்டும் நம்பினால் தள்ளிய நீர் தோளிலும் மார்பிலும் தேங்குவதும் உண்டு. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அந்தப் பணம் முதலில் இரண்டு செட் பேண்டேஜுக்கும் உறைக்கும் போகட்டும். நிணநீர்க் குழாயை நுண்நோக்கியின் கீழ் ரத்த நாளத்தில் இணைக்கும் அறுவைகள் பெருநகரங்களில் நடக்கின்றன. ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டும் உறையும் போட்டும் போதாவிட்டால் அதைப் பற்றிப் பேசலாம். அதற்குப் பிறகும் பலர் உறையைத் தொடர வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி அறிக்கை, கரண்ட் வைத்த விவரம் மூன்றையும் எடுத்துப் போங்கள். கையில் இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அங்கே கேட்க வேண்டியவை: அக்குளில், காறைக் குழியில் ஏதாவது தட்டுப்படுகிறதா, டாப்ளர் எப்போது எடுக்கலாம், கட்டுச் சிகிச்சைக்கு யாரிடம் அனுப்புகிறீர்கள். அளவு நோட்டையும் காட்டுங்கள். அதுவரை இரவில் இடது கையைத் தலையணைமேல், நெஞ்சைவிட உயரமாக வைத்துப் படுங்கள். வளையலையும் மோதிரத்தையும் இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். இறுகிய ஜாக்கெட் கையை இன்னும் ஒரு விரல் தளர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள்.